காலி டிஸ்க்கில் இருந்த குரல்

என் அண்ணி கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார் என்று சொன்னால், முன்பக்கம் நின்று ஃபிரேம்களை எடுத்துக் காட்டுகிறவர் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அவருடைய இடம் பின்னறை. அங்கே ஒரு மேசை, தலைக்கு மேல் டியூப் லைட், லென்ஸின் ஓரத்தைத் தேய்க்கிற மெஷின், தண்ணீர் வடிய ஒரு பிளாஸ்டிக் தட்டு. வட்டமாக வந்து சேரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, போட்டுக்கொள்கிறவரின் கருவிழி எங்கே வருமோ அங்கே லென்ஸின் மையம் வரும்படி பொருத்துவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாக அதைத்தான் செய்கிறார். அவர் கைபட்ட கண்ணாடியோடு ஊரில் பாதிப் பேர் நடமாடுகிறார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அண்ணன் அதற்கு நேரெதிர். குழாய்ச் சாமான் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். கிடங்கின் அந்தக் கோடியில் நிற்கிற ஆளைக் கூப்பிட அவனுக்கு மைக் வேண்டியதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் ‘ரேடியோ’. வாய் ஓயவே ஓயாது. ஆனால் ஒருவரைப் பாராட்டுவது என்றால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். சாப்பாடு நன்றாக இருந்தால் இரண்டாவது தடவை தட்டை நீட்டுவான், அவ்வளவுதான் பாராட்டு.

போன வருஷம் அவன் தொண்டையில் கட்டி வந்தது. குரல் கம்மியபோது சளி என்று விட்டுவிட்டான். டாக்டர் பார்த்தபோது குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்ற நிலை. எடுத்தார்கள். ஆள் பிழைத்தான். வீட்டுக்கு வந்த அன்று ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும் அவன் மடியில் இருந்தன. அதில் அவன் எழுதிய முதல் வரி, ‘ரேடியோ ரிப்பேர்.’ நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டின் அமைதி யாருக்கும் பழகவில்லை. அவன் தங்கையான நான் மூன்று மணி நேர பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறேன். போனில் அண்ணியைக் கேட்டால் “பரவாயில்லை, சாப்பிடறார், தூங்கறார்” என்பதோடு சரி. ஆறாவது மாதம் அவர் பரணில் ஏறி, அண்ணனின் பழைய வீடியோ கேமரா பையை இறக்கினார்.

அண்ணனுக்கு ஒரு காலத்தில் அந்தக் கேமராதான் உயிர். உள்ளங்கை அளவு டிஸ்க்கில் நேராகப் பதிவாகிற ரகம். ஒரு டிஸ்க்கில் அரைமணி நேரம் கொள்ளும். அவன் மகள் நடை பழகியதிலிருந்து பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம் வரைக்கும், மழையில் நனைந்த துணியை நாங்கள் அள்ளிக்கொண்டு ஓடியது உட்பட, எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தான். எடுக்கிறவன் படத்தில் இருக்க மாட்டான் அல்லவா? ஒரு டிஸ்க்கிலும் அவன் முகம் சரியாக விழுந்ததில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். அண்ணி தேடியது முகத்தை அல்ல. கேமராவுக்குப் பின்னால் நின்று அவன் பேசிய பேச்சு முழுவதும் அந்த டிஸ்க்குகளில் இருந்தது.

மொத்தம் நாற்பத்தாறு. கேமரா எப்போதோ தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்துவிட்டது. அண்ணி டிஸ்க்குகளை ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப்போய், எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றித் தரச் சொன்னார். நான்கு நாள் கழித்துக் கடைக்காரர் மூன்று குவியலாகப் பிரித்துத் திருப்பித் தந்தார். இருபது டிஸ்க் மாற்றியாகிவிட்டது. பதினைந்து கீறல் விழுந்து படிக்க முடியவில்லை. பதினொன்று காலி, எதுவுமே பதிவாகாதவை, தூக்கிப் போட்டுவிடலாம்.

அண்ணி அந்தக் காலி டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடையின் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத கீறலை அவர் அப்படித்தான் கண்டுபிடிப்பார். பதிவான பகுதிக்கும் பதிவாகாத பகுதிக்கும் நிறத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தது. உள்வட்டத்திலிருந்து ஓரளவு தூரம் வரை கொஞ்சம் கருப்பு, அதற்கு மேல் வெளிர்.

“பத்துல இருக்கு. இது ஒண்ணுதான் நிஜமாவே காலி” என்று ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

கடைக்காரர், கம்ப்யூட்டரே இல்லை என்று சொல்லும்போது இவர் இருக்கிறது என்கிறாரே என்று சிரித்தாராம். அண்ணி வாதாடவில்லை. நாற்பத்தாறையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

முதலில் கீறல் விழுந்த பதினைந்து. டிஸ்க் செய்கிற பிளாஸ்டிக்கும், உடையாத லென்ஸ் செய்கிற பிளாஸ்டிக்கும் ஒரே ஜாதி. அதைத் துடைக்க எந்தத் திரவம் ஆகும், எது பட்டால் பாலாக வெளுத்துப்போகும் என்பதெல்லாம் அண்ணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் அவசரப்படவில்லை. வேண்டாத பாட்டு டிஸ்க்குகள் நாலைந்தை எடுத்து, வேண்டுமென்றே கீறி, தேய்த்துப் பார்த்தார். வட்டமாகத் தேய்த்தால் கெட்டது. பதிவு வட்டமாக ஓடுவதால், தேய்ப்பின் கோடு அதே வழியில் விழுந்து நீளத்துக்கும் படத்தைத் தின்றுவிடுகிறது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் தேய்த்தால் பிழைக்கிறது. இதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பாட்டு டிஸ்க்குகளின் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது சாப்பாட்டு மேசையில் பழைய துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ஃபிரேமுக்கு மெருகேற்றுகிற பசையைப் பருப்பளவு எடுத்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தார். பத்து இழுப்புக்கு ஒரு தரம் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்ப்பார். அண்ணன் எதிரே உட்கார்ந்து, டிஸ்க்கின் மேல் தான் எழுதியிருந்த தன் கிறுக்கலைத் தானே படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு டிஸ்க் இப்படித் தேறின. மூன்று போயே போயின. அவற்றின் மேல்பக்கம் அண்ணன் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தான். எழுதிய இடத்திலேயே பூச்சு உரிந்துவிட்டது. கீறல் அடிப்பக்கம் விழுந்தால் தேய்க்கலாம், மேல்பக்கம் விழுந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று அண்ணி சொன்னார். அந்த மூன்றில் ஒன்று மகளின் முதல் பள்ளி நாள். அண்ணன் பலகையில் ‘என் கையெழுத்தே எனக்கு எதிரி’ என்று எழுதிக் காட்டினான். அண்ணி அதற்குச் சிரிக்கவில்லை.

அடுத்தது அந்தப் பத்து டிஸ்க். இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. ஏன் என்று அண்ணி பல பேரிடம் கேட்டார். கடைசியில் கல்யாணங்களுக்குப் படமெடுக்கிற ஒரு ஸ்டுடியோக்காரர் விஷயத்தைச் சொன்னார். அந்த ரகக் கேமராவில் எடுத்து முடித்ததும், டிஸ்க்கை ‘மூட’ வேண்டும். அதற்கு ஒரு பட்டன் உண்டு, சில நிமிஷம் பிடிக்கும். மூடினால்தான் வேறு மெஷின்கள் படிக்கும். மூடாத டிஸ்க்கை எடுத்த கேமராவோ அதே கம்பெனிக் கேமராவோதான் படிக்கும். மற்ற மெஷின்களுக்கு அது காலிதான்.

அண்ணி வீட்டுக்கு வந்து அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பலகையை மெதுவாகத் திருப்பினான். ‘நான்தான் மூடலை. சோம்பேறித்தனம். டிவியில கேமராவை மாட்டிப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.’

அதே கம்பெனிக் கேமரா ஒன்று அந்த ஸ்டுடியோக்காரரிடமே அலமாரியில் கிடந்தது. கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. விலைக்குக் கேட்டபோதும் தலையாட்டவில்லை. தன் முதல் கேமரா என்றார். கடைக்குள்ளேயே வைத்து வேலை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு டிஸ்க்குக்கு மேல் போடக்கூடாது, பழைய மெஷின், சூடாகிப் படுத்துவிடும் என்று நிபந்தனை போட்டார். அண்ணி சரி என்றார். சாப்பாட்டு இடைவேளையில் தன் கடையிலிருந்து இரண்டு தெரு நடந்து, ஒரு டிஸ்க்கை மூடிவிட்டு, திரும்பி நடந்து, மீதி நேரத்தில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வேலைக்கு உட்காருவார். பத்து வேலை நாள். ஐந்தாம் நாள் அவர் உள்ளே வந்ததும் ஸ்டுடியோக்காரர், தாமே கேமராவைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி மேசையில் தயாராக வைத்திருந்தாராம். பத்தாம் நாள் பத்தும் திறந்துவிட்டன.

மாற்றுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். அண்ணி அப்படியில்லை. லென்ஸைப் பொருத்தி, ஆளைப் போட்டுப் பார்க்கச் சொல்லாமல் அவர் எதையும் அனுப்பியதில்லை. ஒவ்வொரு கோப்பையும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரைக்கும் ஓடவிட்டு, நடுவில் உறைகிறதா, குரல் அறுந்துபோகிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே போனார். சரியென்று தெரிந்த பிறகுதான் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்குக்கு நகல். அதை மகள் வீட்டில் கொண்டுபோய் வைத்தார். மூன்றாவது நகல் இணையத்தில். ஒரே வீட்டில் ஒரே பெட்டியில் வைத்துவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது என்பார்.

அப்படிப் பார்த்ததால்தான் அந்தப் பத்தில் ஏழாவது டிஸ்க்கில் இருந்தது அவர் காதில் விழுந்தது. வேறு யாராவது என்றால் ஓட்டிவிட்டிருப்பார்கள். படத்தில் இருந்தது வெறும் ஜன்னல் திரை. பதினான்கு நிமிஷமும் அதே திரைதான்.

ஒரு ஞாயிறு காலையில் அண்ணி எனக்குப் போன் செய்தார். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“வீடு மாறின அன்னிக்கு எடுத்த டிஸ்க் ஒண்ணு கிடைச்சிருக்கு. உங்க அண்ணன் கேமராவை நிறுத்தாமலேயே ஜன்னல்ல வச்சிருக்கார். நீயும் அவரும் பேசறது பதிவாயிருக்கு. என்னைப் பத்தி” என்றார்.

பதினேழு வருஷத்துக்கு முந்தைய நாள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அந்த வீட்டில்தான் இருந்தேன், அண்ணி சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். என்ன சொன்னேன் என்று வார்த்தைக்கு வார்த்தை நினைவில்லை. என்ன குரலில் சொல்லியிருப்பேன் என்பது நன்றாகவே தெரிந்தது.

“அழிச்சிடுங்க அண்ணி” என்றேன்.

“முழுசா கேட்டுட்டு அப்புறம் சொல்லு. இன்னும் யாருக்கும் போடல. உங்க அண்ணனுக்குக்கூட.”

அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அண்ணி உள்ளறையில் லேப்டாப்பை வைத்து, காதில் மாட்டிக்கொள்ள ஹெட்ஃபோனைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார். நான் கேட்கும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த இங்கிதம் எனக்கு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

திரை காற்றில் அசைந்தது. சாமான்களை இழுக்கிற சத்தம். பிறகு இருபத்தேழு வயதில் நான்.

“வீடு மாறுற நாள்ல கூட கண்ணாடிக் கடைக்குப் போயிட்டாங்க. மூட்டை கட்டறதுக்கு நான், அனுபவிக்கிறதுக்கு அவங்களா? மனுஷங்க முகத்தைப் பாக்கத் தெரியாது, லென்ஸைத்தான் பாக்கத் தெரியும். உனக்கு எத்தனை நல்ல இடம் வந்துச்சு. போயும் போயும்...”

அதற்கு மேலும் இருந்தது. எழுத மனம் வரவில்லை.

ஏதோ பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு அண்ணன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் கேட்காத குரல், கிடங்கின் மூலைக்குக் கேட்கிற குரல், அன்று அடங்கி, நிதானமாக இருந்தது.

“இன்னிக்கு அவ ஏன் போனான்னு கேட்டியா? கண் ஆபரேஷன் பண்ணின ஒரு ஆளு. மதியம் ரயில் ஏறி ஊருக்குப் போகணும். அவர் கண்ணாடியில மையம் தப்பா விழுந்திருக்கு. யாரோ செஞ்ச தப்பு, இவ செஞ்சது இல்ல. அப்படியே விட்டா அந்த ஆளு படியில விழுவாருன்னு சொல்லிட்டுப் போனா. நான்தான் போகச் சொன்னேன்.”

அதோடு நிறுத்தவில்லை. ஐந்து நிமிஷம் பேசினான். கல்யாணமான புதிதில் தான் மூன்று மாதம் வேலை இல்லாமல் இருந்ததை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை என்றான். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் இரவெல்லாம் உட்கார்ந்தது யார் என்று என்னையே கேட்டான். கடைசியாகச் சொன்னான்: “அவ கையில எதைக் குடுத்தாலும் கெட்டுப்போகாது. நான் உள்பட.”

பிறகு யாரோ கீழேயிருந்து கூப்பிட, இரண்டு பேரும் போய்விட்டோம். மீதி நேரம் முழுக்கத் திரைதான் ஆடிக்கொண்டிருந்தது.

நான் கதவைத் திறந்தபோது அண்ணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கோவம் வரலைன்னு சொன்னா பொய். ரெண்டு நாள் உன் பேரைக் கேட்டாலே எரிச்சலா இருந்துச்சு. ஆனா நீ சொன்னதுல ஒண்ணு சரிதான். அன்னிக்கு அத்தனை பாத்திரமும் நீதான் கட்டினே. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், சொல்லல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “திரும்பத் திரும்பக் கேட்டேன். எத்தனை தரம் கேட்டாலும் உன் பேச்சு ஒரு நிமிஷம், அவர் பேச்சு அஞ்சு நிமிஷம். இத்தனை வருஷத்துல எங்கிட்ட அவர் இப்படி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. உன் பேச்சை மட்டும் வெட்டிடலாமான்னு பாத்தேன். வெட்டினா அவர் யாருக்குப் பதில் சொல்றார்னே புரியல. நீ வேணாம்னா முழுசாவே எடுத்துடறேன். உன் குரல், நீதான் சொல்லணும்.”

அவர் அப்படியே எடுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் அலைந்து தேடி எடுத்ததை, நான் கூசுகிறேன் என்பதற்காக. இருக்கட்டும் என்றேன்.

அன்று மதியம் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினோம். அவன் முதலில் திரையைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான், அதற்கப்புறம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் குரலே தனக்கு அந்நியமாகப் பட்டதோ என்னவோ, கழுத்தில் கையை வைத்துக்கொண்டான். முடிந்ததும் பலகையில் எழுதினான்: ‘கேமரா ஓடுதுன்னு தெரிஞ்சிருந்தா பேசியிருக்க மாட்டேன்.’

அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. அண்ணன் எழுதியதை அழித்துவிட்டு, ‘இன்னொரு தடவை போடு’ என்று எழுதினான்.

இதற்குப் பிறகு அண்ணி செய்ததுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. மாதா மாதம் அண்ணனை ஆஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போவார். அங்கே வருகிற குடும்பங்களில் பாதிப் பேரிடம், போன குரலின் பதிவு ஒரு நிமிஷம்கூட இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் பத்து நாள் இருந்தது, யாருக்கும் தோன்றவில்லை என்று ஒரு பெண் அவரிடம் அழுதிருக்கிறார். அண்ணி அங்கிருந்த டாக்டரிடம் போய், ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போதே குரலைப் பதிந்து வைக்கச் சொல்லக்கூடாதா என்று கேட்டார். ஏற்கெனவே கொடுக்கிற காகிதங்களையே யாரும் படிப்பதில்லை என்றார் டாக்டர். அண்ணி தாமே நாலு வரி எழுதினார், பெரிய எழுத்தில், கண் மங்கியவருக்கும் தெரிகிற மாதிரி. பயிற்சி தருகிற பெண் அதை நகலெடுத்து, நாள் குறித்துக் கொடுக்கிற அட்டையோடு சேர்த்துப் பின் குத்தித் தருகிறார். பழைய டிஸ்க் வைத்திருப்பவர்களும், குரலை எப்படிப் பதிவது என்று தெரியாதவர்களும் சனிக்கிழமை பிற்பகலில் அண்ணியைத் தேடி வருகிறார்கள். இதுவரைக்கும் ஒன்பது குடும்பம்.

அவர்களில் ஒருவர் பஸ் கண்டக்டர். டிஸ்க், டேப் எதுவும் கிடையாது. ஆபரேஷனுக்கு மூன்று நாள்தான் இருந்தது. போனை முன்னால் வைத்துப் பேசச் சொன்னால், நான் என்னத்தைப் பேசுவது, எனக்குப் பேச என்ன இருக்கிறது என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாராம். மனைவியும் மகளும் கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. அண்ணி, உங்கள் பஸ் நிற்கிற இடங்களை வரிசையாகச் சொல்லுங்கள் போதும் என்றாராம்.

கண்டக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் ஸ்டாப்பிலிருந்து ஆரம்பித்தார். எந்த ஸ்டாப்பில் பிள்ளைகள் கூட்டமாக ஏறும், எங்கே ஒருவர் தினமும் ஓடிவந்து பிடிப்பார், எந்தத் திருப்பத்தில் எல்லோரையும் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனார். கடைசி ஸ்டாப் வந்ததும் அண்ணி, நிறையவே கிடைத்துவிட்டது, களைப்பாக இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.

“திரும்பி வர வேணாமாம்மா?” என்று கேட்டுவிட்டு, அவர் திரும்பி வருகிற வழியையும் ஒரு ஸ்டாப் விடாமல் சொல்லி முடித்தாராம்.